மக்ரோபேஜுக்குள் இருக்கும் சல்மொனெல்லாவின் எம்ஆர்என்ஏ கிடைக்கவே இல்லை: எங்கே பிழை?

வெள்ளவத்தை_மழை:
வணக்கம். கொழும்பில் எம்ஃபில் செய்கிறேன். மேற்பார்வையாளருக்கு உண்ணிக் காய்ச்சல் பற்றீரியாவில்தான் ஆசை. ஆனால் ஒரியன்ஷியா உயிருள்ள கலத்துக்கு வெளியே வளராது, அதை வளர்க்கும் அளவுக்குப் பாதுகாப்பான அறையும் எங்களிடம் இல்லை. "முதலில் சல்மொனெல்லா டைபிமியூரியத்தில் முறையைச் சரிப்படுத்திக்கொண்டு வா" என்றார். கலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவின் எம்ஆர்என்ஏயை, அதாவது மரபணு இயங்கும்போது எழுதப்படும் நகலை, அளக்கும் முறைதான் அது. மூன்று மாதமாகச் சரிப்படுத்துகிறேன்.

செய்தது இதுதான். ரா 264.7 எலி மக்ரோபேஜுகளுக்கு (கிருமியை விழுங்கும் கலங்கள்) தொற்றுக் கொடுத்து, வெளியே நிற்பவற்றை ஜென்டாமைசினால் கொன்று, 8 மணித்தியாலம் கழித்து ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்தேன். பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு தரம் கழுவி, சுழற்றி, ஆர்என்ஏயைப் பிரிக்கும் ட்ரைசோலில் போட்டேன். 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏயில் சிடிஎன்ஏ (அதன் டிஎன்ஏ நகல்) செய்து பிசிஆரில் அளந்தேன்.

கலத்துக்குள் போனதும் ஏறவேண்டிய எஸ்எஸ்ஏ-ஜி மரபணுவின் சிடி பெறுமானம் (எத்தனையாவது பிசிஆர் சுற்றில் தெரிகிறது என்பது; இலக்கம் குறைந்தால் அளவு கூட) 34. எப்போதும் இயங்கும் ஆர்பிஓ-டி 33. ஆனால் ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏ அழகாக 13இல் வருகிறது. அப்படியென்றால் ஆர்என்ஏ நன்றாகத்தானே இருக்கிறது? எல்பி ஊடகத்தில் ஓர் இரவு வளர்த்த பற்றீரியாவில் இதே பிரைமர்கள் 20க்குப் பக்கத்தில் தருகின்றன. ஆர்டி நொதியம் (ஆர்என்ஏயை டிஎன்ஏயாக நகலெடுப்பது) போடாத குழாயில் எஸ்எஸ்ஏ-ஜி 35. ட்ரைசோல் முடியப்போகிறது, அடுத்த போத்தல் ஏஜென்ட் மூலம் வர இரண்டு மாதமாகும். யாராவது வழி சொல்லுங்கள்.

ஐஸ்_வாளி:
சிடிஎன்ஏ கிட்டில் என்ன பிரைமர்? ஓலிகோ-டிடி என்றால் அது பொலி-ஏ வாலில் ஒட்டி எலியின் எம்ஆர்என்ஏயைத்தான் பிடிக்கும். பற்றீரியாவுக்கு அந்த நீண்ட பொலி-ஏ வால் கிடையாது.

வெள்ளவத்தை_மழை:
எந்த ஆர்என்ஏயிலும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர்தான் அண்ணா. பெட்டியைத் திரும்பவும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குழாயி:
தங்கச்சி, உங்கள் 16எஸ் உங்களை ஏமாற்றுகிறது. ரைபோசோம் ஆர்என்ஏ கல்லு மாதிரி, எம்ஆர்என்ஏ கற்பூரம் மாதிரி. பற்றீரியாவில் பெரும்பாலான எம்ஆர்என்ஏக்களின் அரைவாழ்வு சில நிமிடம்தான். நீங்கள் சுரண்டி, இரண்டு தரம் கழுவி, சுழற்றி முடிக்க எத்தனை நிமிடம் போகிறது? இருபதுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அதற்குள் எஸ்எஸ்ஏ-ஜி பாதிக்குப் பாதியாக எத்தனை தரம் கரைந்திருக்கும், கணக்குப் பாருங்கள். 16எஸ் மட்டும் அப்படியே நிற்கும்.

இன்னொரு கணக்கு. ஓர் எலிக் கலத்தில் ஆர்என்ஏ ஏறக்குறைய 20 பிக்கோகிராம், ஒரு சல்மொனெல்லாவில் 0.1. கலத்துக்குப் பத்துப் பற்றீரியா, மூன்றில் ஒரு கலத்துக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொண்டால் உங்கள் 1000 நானோகிராமில் பற்றீரியாவின் பங்கு 16 போல வரும். அதிலும் எம்ஆர்என்ஏ ஐந்து வீதம்தான். மிஞ்சுவது ஒரு நானோகிராமுக்கும் குறைவு, அதைத்தான் நாலாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள் பங்குபோடுகின்றன. மற்றதெல்லாம் எலி.

நொதியம் போடாத குழாயில் தெரிவது டிஎன்ஏ மட்டும். 34க்கும் 35க்கும் இடையில் ஒரு சுற்று, அதாவது இரண்டு மடங்கு. நீங்கள் பார்ப்பதில் பாதி டிஎன்ஏ. பல மரபணுக்களுக்கு ஒரு பற்றீரியாவில் சராசரியாக ஓர் எம்ஆர்என்ஏகூட இராது, குரோமோசோம் மட்டும் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். ஜென்டாமைசினில் செத்தவற்றின் டிஎன்ஏயும் கூடச் சேரும். ஆகவே டிஎன்ஏயை அழிக்கும் டிஎன்ஏஸை ஒரு தரம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நான் செய்வது: வளர்ப்பூடகத்தை உறிஞ்சி எடுத்த அடுத்த நொடியே, சுரண்டாமல், தட்டிலேயே ஐஸ் குளிரில் வைத்த கரைசலை ஊற்றிவிடுவேன். 0.2 வீதம் எஸ்டிஎஸ், 1 வீதம் அமில பினோல், 19 வீதம் எதனோல், மிச்சம் நீர். 30 நிமிடம் ஐஸில். மக்ரோபேஜ் உடைந்துவிடும், பற்றீரியா உடையாமல் ஆர்என்ஏயோடு அப்படியே உறைந்த மாதிரி நிற்கும். பிறகு சுழற்றினால் அடியில் பற்றீரியா, எலி ஆர்என்ஏயின் பெரும்பகுதி மேலே போய்விடும். எலி டிஎன்ஏயால் பாகு மாதிரி இழுபடும், பயப்படாதீர்கள், ஊசியால் நாலைந்து தரம் இழுத்துவிட்டால் சரி. அடியில் இருப்பதை லைசோசைம் போட்டு உடைத்துவிட்டு ட்ரைசோல். டிஎன்ஏஸ் இரண்டு தரம். பினோலோடு வேலை செய்யும்போது புகைக்கூண்டை விட்டு வெளியே வராதீர்கள்.

மணல்_மேடு:
குழாயி சொன்னதோடு ஒன்று. எல்பியில் இரவு முழுக்க வளர்த்ததோடு ஒப்பிடுவதை விடுங்கள். வளர்ச்சி நின்ற நிலையில் எஸ்எஸ்ஏ-ஜி இருக்கும் மரபணுத் தொகுதி அங்கேயே கொஞ்சம் விழித்திருக்கும், உங்கள் ஏற்றம் சின்னதாகத் தெரியும். கலம் இல்லாத தட்டில் அதே டிஎம்இஎம் வளர்ப்பூடகத்தில், அதே 8 மணித்தியாலம் வைத்த பற்றீரியாவை எடுங்கள். அதில் ஜென்டாமைசின் போட வேண்டாம், போட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

வெள்ளவத்தை_மழை (மூன்று கிழமை கழித்து):
கழுவுவதை நேரம் பிடித்துப் பார்த்தேன், 26 நிமிடம்! சுழற்றும் இயந்திரம் மற்ற மாடியில், லிஃப்டும் அன்றைக்கு இல்லை. இப்போது தட்டிலேயே கரைசல் ஊற்றுகிறேன். எஸ்எஸ்ஏ-ஜி 26, ஆர்பிஓ-டி 27, நொதியம் இல்லாத குழாய் 38இலும் தடுமாறுகிறது. மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

ஆனால் புதுத் தலையிடி. ஜெல்லில் 16எஸ் பட்டை தெளிவாக இருக்கிறது, ரைபோசோமின் மற்றப் பெரிய ஆர்என்ஏயான 23எஸ் இருக்க வேண்டிய 2.9 கிலோபேஸ் இடம் வெறுமை. கீழே மங்கலாக இரண்டு மூன்று பட்டை. திரும்பவும் ஆர்என்ஏ உடைந்துவிட்டதா? அழுகை வருகிறது.

குழாயி:
அழ வேண்டாம். சல்மொனெல்லாவின் 23எஸ் பிறக்கும்போதே அப்படித்தான். அதன் மரபணுவுக்குள் இடைச்செருகல் துண்டுகள் இருக்கின்றன, ஆர்என்ஏஸ் III எனும் நொதியம் அவற்றை வெட்டி எடுத்துவிடும், வெட்டிய முனைகள் திரும்ப ஒட்டாது. துண்டாகவே ரைபோசோமில் வேலை செய்யும். நானும் இதற்காக ஒரு மாதம் ஆர்என்ஏஸ் மாசைத் தேடி மேசையெல்லாம் துடைத்தவன். ஆர்என்ஏயின் தரத்தை இலக்கமாகத் தரும் இயந்திரமும் இதைப் பார்த்துக் குறைவாகவே போடும். எல்பி வளர்ப்பின் ஆர்என்ஏயைப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், அதே பட்டைகள் வந்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை_மழை:
ஓட்டினேன். அதே பட்டைகள்தான். நன்றி அண்ணா. பினோல் கரைசலை எவ்வளவு நாள் வைக்கலாம்?

குழாயி:
வைக்காதீர்கள், அன்றன்றைக்குக் கலக்குங்கள். ஐஸில் எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படியும், ஊற்றமுன் ஒருக்கா குலுக்குங்கள்.