ஊறுகாய், ராகி மாவுத் தொழிலுக்கு எந்தப் பெயரை வைப்பது?

போச்சம்பள்ளியிலிருந்து கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வருடங்களாக வீட்டிலேயே மாங்காய்த் தொக்கு, ஆவக்காய் ஊறுகாய், முளைகட்டிய ராகி மாவு ஆகியவற்றைத் தயாரித்து, இங்குள்ள ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், தெரிந்தவர்கள் வழியாக ஓசூர், பெங்களூருவிலும் விற்று வருகிறோம். இதுவரை பெயர் என்று ஒன்று இல்லை. டப்பா மூடியில் பேனாவால் ‘தொக்கு’ என்று எழுதித் தேதியைக் குறித்துக் கொடுப்போம். இப்போது உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், பெயர் கேட்கும் இடத்திலேயே நின்றுவிட்டோம். கணவர் ‘அதியமான் ஃபுட்ஸ்’ என்கிறார். கேழ்வரகிலிருந்து எடுத்து ‘கேழ்’ என்று மட்டும் வைத்தால் போதும் என்கிறாள் மகள். சந்தையிலோ, என் மாமியார் மாங்காய்த் துண்டுகளை வீட்டு வாசலில் உள்ள கல்திண்ணையில் உலர்த்திய காலத்திலிருந்தே, ‘கல்திண்ணை வீட்டுத் தொக்கு வந்திருக்கிறதா’ என்றுதான் கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

தருமபுரியிலிருந்து பதில்:

சகோதரி, தகடூரை ஆண்ட அதியமான் மீது நம் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, சிக்கலும் அதுதான். தருமபுரியில் ‘அதியமான்’, ‘தகடூர்’ என்று தொடங்கும் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவே இல்லை. அந்த வரிசையில் நீங்களும் சேர்ந்தால், உங்கள் தொக்கை விரும்பியவர் அடுத்த முறை வேறொருவர் டப்பாவை வாங்கிச் செல்வார். ‘கிருஷ்ணகிரி மாங்காய்த் தொக்கு’ என்பது போன்ற பெயரும் வேண்டாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்ன (டிரேட்மார்க்) சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பொருளின் தன்மையையோ அது விளையும் ஊரையோ மட்டும் சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். பதிவு செய்ய முடிந்த பெயரென்றால் 10 ஆண்டுகள் உங்களுக்கு உரிமை உண்டு, பிறகும் புதுப்பித்துக்கொள்ளலாம். வணிகச் சின்னப் பதிவுக்காகப் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஊறுகாய் 29ஆம் வகுப்பிலும் மாவு 30ஆம் வகுப்பிலும் வருவதால், இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓசூரிலிருந்து பதில்:

நான் சிறுதானிய மிக்ஸ் விற்கிறேன். பெயரைத் தேடிப் பார்க்காமல், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அச்சு உருளை (சிலிண்டர்) போட்டுப் பையை அச்சடித்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, ஏறத்தாழ அதே ஓசையுள்ள பெயரை முன்பே பதிவு செய்திருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எழுத்து வேறாக இருந்தாலும் காதில் ஒன்றாக ஒலித்தால் அது ஒப்புமைதான் என்று அப்போதுதான் புரிந்தது. மீதமிருந்த பைகள் முழுவதிலும் பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்ட, என் மனைவியும் நானும் நான்கு இரவுகள் கண்விழித்தோம். ஆகவே வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். ஒலியை வைத்துத் தேடும் வசதியும் அதில் உண்டு. முதல் ஓராண்டுக்கு வெறும் பையில் லேபிள் ஒட்டுவதே போதும்.

உங்கள் மகளின் ‘கேழ்’ அழகான சொல். ஆனால் பெங்களூருக்கு அனுப்புகிறீர்களே, ஆங்கில எழுத்தில் அந்த ‘ழ’வை எப்படி எழுதுவீர்கள்? கூரியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லி, அவர்கள் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பதில்:

பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். பெயரை நீங்கள் தேட வேண்டியதே இல்லை, சந்தைக்கு வருபவர்கள் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். ‘கல்திண்ணை’ என்பது தொக்கையும் குறிக்காது, மாவையும் குறிக்காது. நாளைக்கு வடகம் போட்டாலும் பொருந்தும். கடை போடும்போது பலகையில் தமிழ்ப் பெயர்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவில் இடம் பிரிப்போம். உங்கள் பெயர் மூன்று அடி பலகையிலும் ஒரே வரியில் நிற்கும்.

போச்சம்பள்ளியிலிருந்து மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. மகள் ஓசூர் அன்பர் சொன்னபடி கூரியர் அலுவலகத்தை அழைத்துப் பார்த்தாள். ‘கேழ்’ என்றதை ‘கேல்’ என்று எழுதியிருந்தார்கள், ‘கல்திண்ணை’யைப் பிழையில்லாமல் படித்தார்கள். இன்றிரவு இரண்டு வகுப்புகளிலும் தேடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பத்தை நிரப்புகிறோம்.