பழத்தை முழுசாகக் கனலில் சுடுவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

முழுப் பழத்தைக் கனலில் சுடும் சமையல் முறைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட 'திறந்தவெளித் தீ வறுவல்' எனக்கு ஒத்துவரவில்லை. வறுப்பதென்றால் சட்டி வேண்டும், கடலையையோ அரிசியையோ சுடுமணலில் போட்டுக் கிளற வேண்டும். முழுப் பழத்தை வெறும் கனலில் போட்டுப் புரட்டுவதை எங்கள் குமரி மாவட்டத்தில் யாரும் வறுத்தேன் என்று சொல்ல மாட்டார்கள், சுட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

பனம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாசியில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பனைமூட்டில் விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கி, தலையில் இருக்கும் தொப்பியைப் பிய்த்துவிட்டு, காய்ந்த மட்டையும் கதம்பையும் (தேங்காய் மட்டை நார்) எரிந்து அடங்கிய கனலில் வைப்பார்கள். கருந்தோல் முதலில் பளபளவென்று வேர்க்கும், அப்புறம் அங்கங்கே வெடிக்கும், வெடிப்பு வழியே மஞ்சள் சாறு நுரைத்து வந்து கனலில் சொட்டிச் சீறும். மணம் நாலு வீடு தாண்டிப் போகும். கரிந்த தோலை உரித்து நாரோடு சூப்பினால், பச்சையாகத் தின்னும்போது நாக்கில் நிற்கிற கசப்பு நன்றாகக் குறைந்திருக்கும்.

இதில் பாதி வேலையைச் செய்வது தோல். வெளியே கரிந்தாலும் உள்ளே நீர் இருக்கும்வரை சதையின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, பழம் தன் ஆவியிலேயே வேகும். தோலடியில் நீர் வற்றிய இடத்தில் மட்டும் சூடு மேலே ஏறி, சர்க்கரை பாகாகிச் சிவக்கும். ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழத்தை) தோலோடு சுட்டாலும் இதே கதைதான். வெட்டிப் போட்டால் சாறு ஒழுகும், சதையில் சாம்பல் அப்பும், வாயில் வைக்க முடியாது. அதனால் சொல்லில் 'கனல்' வந்துவிட்டாலே 'முழுசாக, தோலோடு' என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வெறும் 'சுடுதல்' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். தோசையும் சுடுகிறோம், அப்பமும் சுடுகிறோம், எனவே போதாது. 'சுட்டபழம்' என்றால் ஔவையாரும் நாவல் மரமும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும், அந்தப் பழத்தைத் தீ தொட்டதே இல்லை. 'முழுச்சுடல்' இலக்கணப்படி சரிதான், ஆனால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் சுடலைமாடன் கோயில் இருக்கிறது. 'சுடல்' என்று காதில் விழுந்ததும் மனசு சுடுகாட்டுக்குப் போய்விடும், சமையல் குறிப்பில் அது வேண்டவே வேண்டாம்.

நான் சொல்வது கனற்சுடுகை. வினையாக வரும்போது 'கனலில் சுடு' என்று பிரித்தே எழுதலாம், படிக்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. சாம்பலில் புதைத்துச் சுடுவதும் இதில் அடங்கட்டும். எரிகிற தீயில் காட்டி எடுப்பதற்கு 'வாட்டுதல்' இருக்கிறது, வாழையிலையை அப்படித்தானே வாட்டுகிறோம். அண்டி (முந்திரிக்கொட்டை) சுடுவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், அங்கே தோட்டில் உள்ள எண்ணெயே பற்றி எரிகிறது, வேலை வேறு.

யாழ்ப்பாணத்திலும் பனங்களி எடுக்கப் பழத்தைச் சுடுவதுண்டு. அங்கே இதற்கென்று தனிச்சொல் புழக்கத்தில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், புதுச்சொல்லை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.