ஊர்த் தெருவும் காலனியும் சேர்ந்து நடக்க ஓர் அமைதி நடைப்பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

பாலக்கோடு வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், சென்ற மாரியம்மன் திருவிழாவின்போது அம்மன் ஊர்வலம் காலனித் தெருவுக்குள்ளும் வர வேண்டும் என்று அங்குள்ள இளைஞர்கள் கேட்டார்கள். அதிலிருந்து வாய்த்தகராறு மூண்டு, கல்வீச்சில் முடிந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்திட்டார்கள். காவலர்கள் சில வாரங்கள் ஊரில் இருந்துவிட்டுப் போனார்கள். அதன்பின் சண்டை இல்லை. ஆனால் பேச்சும் இல்லை. ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நிறுத்தத்தில் தனித்தனியாக நிற்கிறார்கள். தக்காளி பறிக்கக் காலனியிலிருந்து ஆள் கூப்பிட்டுவந்த தோட்டக்காரர்கள் இப்போது வெளியூரிலிருந்து வண்டி வைத்து ஆள் கொண்டு வருகிறார்கள்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பேச்சு நின்றுபோன ஊரில் ஒரு வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. எனவே இரு தெருக்களையும் சேர்ந்த சிலர் கூடி, அக்டோபர் 2 அன்று ஓர் அமைதிக் கூட்டம் நடத்தவும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்த நாளான அக்டோபர் 4 அன்று பாப்பாரப்பட்டியில் உள்ள அவருடைய நினைவிடத்திற்கு நடந்து செல்லவும் எண்ணியிருக்கிறோம். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அரசு தடுத்தபோதும், கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர்; நம் மண்ணிலேயே 1925 ஜூலை 23 அன்று மறைந்தார். அவர் பெயரால் நடப்பதற்கு எங்கள் ஊரில் எவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தோம்.

ஆனால் காலனியில் ஓர் அம்மா, “கல் விழுந்தது எங்கள் வீட்டு ஓட்டின் மேல், அமைதிக்காக நாங்கள் ஏன் நடக்க வேண்டும்?” என்று கேட்டார். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. மேடை, மாலை, பொன்னாடை, பிளக்ஸ் பேனர் என்று முடிந்துவிடாமல் இதை நடத்த வழி உண்டா? யாரிடம் முதலில் பேச வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, அந்த அம்மாவின் கேள்விதான் உங்கள் கூட்டத்தின் முதல் பொருளாக இருக்க வேண்டும். அவருக்கு விடை சொல்லாமல் நடத்தும் எந்த ஊர்வலமும், அடிபட்டவர்களிடம் போய் ‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்வதாகவே அவர்கள் காதில் விழும்.

எங்கள் பகுதியில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த்துறையினரும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து, வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். அதற்காக அந்த மக்கள் வன்முறையால் பழிவாங்கப் புறப்படவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் துணை நிற்க, மனு எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள். 1995 இல் வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் விசாரணை முடியும் முன்பே இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி நேரில் வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டார்.

முப்பத்தோர் ஆண்டுகள். அந்தப் பெண்கள் ஆயுதம் எடுக்கவில்லை. அதே சமயம் வாயையும் மூடிக்கொள்ளவில்லை. அகிம்சை என்றால் அடங்கிப் போவது என்று நம் ஊர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘நீங்கள் சத்தம் போடாமல் இருந்தால் ஊர் அமைதியாக இருக்கும்’ என்று காலனி மக்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது அதனால்தான். உங்கள் நடைப்பயணம் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக ஆகிவிடக் கூடாது.

அப்படியானால் யார் முதலில் நடக்க வேண்டும்? இதற்குக் கேரளத்து வைக்கத்தில் விடை இருக்கிறது. 1924 மார்ச் 30 அன்று கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்கும் உரிமைக்காகத் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் பெரியார் இருமுறை சிறை சென்றதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், அந்தச் சாலைகளில் தடையின்றி நடந்துவந்த சாதியினரே நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்து போய், எல்லோருக்கும் சாலையைத் திறந்துவிடக் கோரி 25,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்ததை நாம் குறைவாகவே பேசுகிறோம். அதற்குப் பிறகும் சட்டசபையில் அந்தத் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. மூன்று பக்கச் சாலைகள் திறக்க 1925 நவம்பர் வரை ஆயிற்று. கோயில் கதவு திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோற்றபோதும் நடந்தவர்கள் நடந்ததை விட்டுவிடவில்லை.

ஆகவே உங்கள் ஊர்த் தெருக்காரர்கள் முதலில் காலனிக்கு நடந்து வரட்டும். பாப்பாரப்பட்டி பிறகு. கல் விழுந்த ஓடுகளை அவர்கள் தங்கள் செலவில் மாற்றிக் கொடுக்கட்டும். அடுத்த திருவிழாவில் அம்மன் எந்தெந்தத் தெரு வழியாக வரும் என்பதை இரு தெருக்களும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்கட்டும். அதன்பின் அந்த அம்மாவே உங்களோடு நடக்க வருவார் என்று நான் நம்புகிறேன். வராவிட்டாலும் அதை அவருடைய உரிமையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, மகளிர் சுய உதவிக் குழுவில் பணியாற்றுபவர்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்திட்ட பெரியவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தாரா? பெரும்பாலான ஊர்களில் இருப்பதில்லை. ஆனால் சண்டைக்குப் பிறகு தண்ணீர்க் குழாயில் யார் முதலில் குடம் வைப்பது, அங்கன்வாடியில் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது, நியாயவிலைக் கடை வரிசையில் யார் யாருக்குப் பின்னால் நிற்பது என்ற அன்றாடச் சிக்கல்களையெல்லாம் சுமப்பவர்கள் பெண்கள்தான்.

இரு தெருப் பெண்களும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும்: நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை அல்லது வாய்க்கால். அங்கே வேலை முடிந்து மர நிழலில் உட்காரும் நேரத்தில் பேச்சைத் தொடங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம். எங்கள் பகுதியில் ஒரு சிறிய தகராறுக்குப் பிறகு முதலில் காலனிப் பெண்களைத் தனியாகக் கூட்டி, அவர்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டோம். பிறகு ஊர்த் தெருப் பெண்களைத் தனியாகக் கூட்டினோம். அங்கே வந்த பேச்சு பல இடங்களில் கசப்பாக இருந்தது. ஆனாலும் “எங்கள் வீட்டு ஆண்கள் குடித்துவிட்டுப் போனதுதான் காரணம்” என்று ஒரு மூதாட்டி சொன்னபோது அந்தக் கூட்டத்தின் போக்கே மாறியது. அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான் இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்தோம். தொடக்கத்திலேயே சேர்த்து உட்கார வைத்திருந்தால், நிலம் வைத்திருப்பவர்கள் பேச, கூலிக்குப் போகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். கூட்டத்தன்று சமைப்பவர்கள் யார், எந்தத் தெருவில் சமைக்கிறார்கள், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். காலனியில் களியும் கீரைக் குழம்பும் சமைத்து, ஊர்த் தெருப் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து உண்ண முடியுமானால், அதற்கு மேல் பேச்சாளர் எவரும் தேவையில்லை. கடையில் வாங்கிய உணவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பறை அடிக்கவும் பந்தல் போடவும் மட்டும் காலனி ஆட்களைக் கூப்பிடும் பழைய வழக்கமும் அன்று தொடரக் கூடாது.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சங்க உறுப்பினர்:

நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிச் சிக்கலால் பெங்களூரில் பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டபோது, எல்லையில் வண்டிகள் நின்றுபோயின. பெட்டியும் குழந்தையுமாக மக்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை நடந்தே வந்தார்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டிலும் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில், கைப்பேசியில் வந்த ஒவ்வொரு காணொளியும் எவ்வளவு பதற்றத்தை உண்டாக்கியது என்பதைக் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: வதந்தியை அன்றைக்கு நிறுத்த முடியாது, அதற்கு முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும். இரு தெருக்களிலிருந்தும் எல்லோரும் நம்பும் சிலரைத் தேர்ந்தெடுங்கள். எந்தச் செய்தி வந்தாலும் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக் கேட்ட பிறகே அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதே காவிரிக்காகத்தான் 2003 இல் இரு மாநில உழவர்களும் சென்னையில் கூடி, ‘காவிரிக் குடும்பம்’ என்ற பெயரில் ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்த்துவந்தார்கள். வழக்கு முடிந்துவிடவில்லை என்றாலும், எதிர்த்தரப்பிலும் கடன்பட்ட உழவர் இருக்கிறார் என்பதை நேரில் கண்டவர்கள் அவர்கள்.

நடைப்பயணத்திற்குப் பயிற்சி தேவை என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். எங்கள் ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்டபோது, வந்தவர்கள் எல்லோரையும் அழைத்துச் சென்றுவிடவில்லை. கட்டுப்பாட்டுக்கு உட்படக்கூடிய ஏறத்தாழ நூறு பேரையே தேர்ந்தெடுத்தார். தொண்டர்களுக்கு உணவளித்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் அறிவித்தபோது, மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். தாழ்த்தப்பட்டோரை அனுமதிக்காத கோயில்களுக்குள் தானும் நுழைய மாட்டேன் என்று வழியில் ராஜாஜி மறுத்ததை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1960 இல் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் சரிசமமாக உட்காரும் உரிமைக்குப் போராடியபோதும், ஜேம்ஸ் லாசன் என்ற மதகுரு அவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருந்தார். ஒருவர் திட்டுவார், தள்ளுவார். மற்றவர் கையை ஓங்காமல், எழுந்தும் போகாமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். அதே ஆண்டு மே மாதத்தில் நகரின் சில உணவகங்கள் திறந்துவிடப்பட்டன. உங்கள் இளைஞர்களை வைத்து ஒரு மாலையேனும் இப்படி நடித்துப் பாருங்கள். வழியில் யாராவது சாதிப் பெயர் சொல்லிக் கத்தினால் என்ன செய்வது என்பதை அன்றே முடிவு செய்ய முடியும். கட்சிக் கொடி, சாதிச் சங்கக் கொடி, கையில் கட்டும் வண்ணக் கயிறு எதுவும் அன்று வேண்டாம்.

தருமபுரியிலிருந்து ஒரு வழக்கறிஞர்:

சுருக்கமாகச் சில சொற்கள். நடைப்பயணத்திற்கான அனுமதியை, வழித்தடமும் நேரமும் பொறுப்பாளர்கள் பெயரும் குறித்து, காவல்துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். திருவிழா ஊர்வலம், தண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை போன்றவற்றில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை அங்கே வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். கோட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் கிடக்கும் கையெழுத்தைவிட அது ஊரறிய நிற்கும்.

மிக முக்கியமானது: கல்வீச்சு தொடர்பாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு ஏதேனும் இருந்தால், அதைத் திரும்பப் பெறுவதை அமைதிக்கான நிபந்தனையாக எவரும் வைக்க இடம் கொடுக்காதீர்கள். 1989 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் உள்ள குற்றங்கள் ஊர்க்கூட்டத்தில் சமரசம் பேசி முடித்துவிடக் கூடியவை அல்ல. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் மிரட்டல், வற்புறுத்தல்களிலிருந்து பாதுகாக்கும் பொறுப்பையும் அந்தச் சட்டமே அரசுக்கு அளிக்கிறது. வழக்கு தன் வழியில் நடக்கட்டும். நல்லிணக்கம் அதன் அருகிலேயே வளர முடியும்.

பாலக்கோடு வாசகர்:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை எங்கள் குழு கூடி, ஆசிரியர் ஐயாவின் மறுமொழியை உரக்கப் படித்தோம். ஓடுகளை மாற்றிக் கொடுப்பதற்கு ஊர்த் தெருவில் மூன்று குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார், அவரிடம் தொடர்ந்து பேசுவோம். அக்டோபர் 4 நடைப்பயணத்தை இந்த ஆண்டு நடத்தியே தீர வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, முதலில் பெண்களின் தனித்தனிக் கூட்டங்களைத் தொடங்குகிறோம். காவேரிப்பட்டணத்து அம்மா அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தத் தனிக் கூட்டங்களில் பேசப்பட்டதை எழுதி வைத்தீர்களா, அல்லது எழுதாமல் விட்டதால்தான் மனம் விட்டுப் பேசினார்களா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

பெயர்களை எழுதவில்லை ஐயா. கேட்கப்பட்ட கோரிக்கைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, கூட்டம் முடியும் முன்பே அவர்களிடம் திரும்பப் படித்துக் காட்டினோம். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொன்ன வரியை அங்கேயே அடித்துவிட்டோம். அந்த நோட்டு எங்கள் குழுத் தலைவியிடம் இருக்கவில்லை, காலனிப் பெண்களிடமே இருந்தது. நீங்கள் கூட்டம் வைக்கும் நாளைச் சொன்னால், எங்கள் குழுவிலிருந்து இருவர் வந்து உடன் உட்கார ஆயத்தமாக இருக்கிறோம்.