மேயோ கவுண்டி வால்ஷ் குடும்பம்: வம்சாவளி மையத்துக்கு இப்போதே பணம் கட்டலாமா?

தாரகை
கணவரின் கொள்ளுத்தாத்தா வழியைத் தேடுகிறோம். குடும்பப் பெயர் வால்ஷ், கத்தோலிக்கர். 1868 வாக்கில் அயர்லாந்தின் மேயோவில் பிறந்து, 1887-இல் பாஸ்டன் போனவர். அமெரிக்கக் குடியுரிமைத் தாளில் 'அயர்லாந்து' என்பதோடு சரி. மேயோ என்பதே வாய்வழிச் செய்திதான். ரூட்ஸ்அயர்லாந்து என்ற ஐரிஷ் வம்சாவளிப் பதிவுத் தளத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வால்ஷ் வருகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு குடும்ப வழியைத் தேடித் தரும் வம்சாவளி மையங்கள் மேயோவுக்கு இரண்டு இருப்பதாகத் தெரிகிறது. எதற்கு எழுதுவது? நாமே தேடிக் கிடைக்காத எதை அவர்கள் தருவார்கள்? அவர்கள் தரும் தாள் ஐரிஷ் குடியுரிமைக்குச் செல்லுமா?

ஏட்டுப்பூச்சி
இப்போது கட்டாதீர்கள். பங்கு (கோயில் வட்டாரம்) எது என்று தெரியாமல் 'மேயோ வால்ஷ்' என்று எழுதினால், ஒரே பெயரில் பத்துப் பேரின் பட்டியல்தான் திரும்பி வரும். அதற்கும் கட்டணம் உண்டு.

முதல் வேலை அட்லாண்டிக்குக்கு அமெரிக்கப் பக்கம். பாஸ்டனில் அவர் கல்யாணம் செய்திருந்தால் மாசசூசெட்ஸ் திருமணப் பதிவை எடுங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா அம்மா பெயரும் அதில் இருக்கும். பெரும்பாலும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு. இந்தத் தேடலில் உங்களுக்குச் சாவி அந்த ஒரு பெயர்தான். இறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் வரும், ஆனால் அதைச் சொன்னவர் மகனோ மருமகளோ, பார்த்திராத பாட்டியின் பெயரைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது பாஸ்டனில் இருந்தால் அவர்களுடைய பதிவுகளையும் பாருங்கள். 'தி பைலட்' என்ற பாஸ்டன் கத்தோலிக்க இதழில் 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. பலவற்றில் ஊர், பங்கு வரை இருக்கும்.

அம்மா பெயர் கிடைத்ததும் ரூட்ஸ்அயர்லாந்தில் ஒரு மாதச் சந்தா போதும். ஞானஸ்நானத் தேடலில் பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டு, குடும்பப் பெயர், அப்பாவின் பெயர், அம்மாவின் குடும்பப் பெயர் மட்டும் கொடுங்கள். உடன்பிறந்தார் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரே பங்கில் ஐந்தாறு பிள்ளைகள் என்றால் ஊர் அகப்பட்டது என்று அர்த்தம். வெல்ஷ், வால்ஷே என்ற எழுத்துகளையும் விடாதீர்கள்.

மைக்கறை
மேலே சொன்னது சரி. மையங்களைப் பற்றி நான் சொல்கிறேன். வட மேயோவுக்கு கிராஸ்மொலினா பக்கம் எனிஸ்கோவில் ஒன்று, தென் மேயோவுக்கு பாலின்ரோபில் ஒன்று. எல்லையை வரைபடத்தில் கோடு கிழித்துக் கண்டுபிடிக்க முடியாது. கத்தோலிக்கப் பங்கு வேறு, நிலப்பதிவுக்கான சிவில் பங்கு வேறு, 1864-இல் எல்லோருக்கும் தொடங்கிய அரசுப் பதிவின் மாவட்டம் வேறு. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. காங் சிவில் பங்கு கொஞ்சம் மேயோவிலும் கொஞ்சம் பக்கத்துக் கவுண்டியான கால்வேயிலும் கிடக்கிறது. அரசுப் பதிவில் 'பாலின்ரோப்' என்று பார்த்துவிட்டு அவர் அந்த ஊர்க்காரர் என்று முடிவு கட்டினால் தப்பு. அது ஏழைகள் நலச் சட்டத்துக்காக வகுத்த மாவட்டத்தின் பெயர்.

காசு கேட்காத இடங்களை முதலில் முடித்துவிடுங்கள். அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் பிறப்புப் பதிவின் படமே கிடைக்கும் (100 ஆண்டு தாண்டியவை). 1868-க்கான அட்டவணையில் அம்மா பெயர் இருக்காது, ஒவ்வொரு படமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை, வேறு வழியில்லை. கத்தோலிக்கப் பங்கேடுகளின் படங்கள் ஏறக்குறைய 1880 வரை தேசிய நூலகத் தளத்தில் இலவசம். பல லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ்.

மையத்தின் பலம் வேறு. ரூட்ஸ்அயர்லாந்தில் வருவது ஆள் படித்துத் தட்டெழுதிய படி, மூலப் படம் அல்ல. தப்பாகப் படிக்கப்பட்ட 'வால்ஷ்' தேடலில் சிக்காது. அந்த ஊர்ப் பெயர்களோடு பழகியவருக்கு மங்கிய மையிலும் அது பிடிபடும். கல்லறைக் கல்வெட்டு, பள்ளி வருகைப் பதிவேடு, பண்ணைக் குத்தகைக் கணக்கு என எது அவர்களிடம் இருக்கிறது என்பதும் மையத்துக்கு மையம் மாறும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பெயரும் அதன் எழுத்து வேறுபாடுகளும், மதம், பிறப்பாண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு, பெற்றோர், உடன்பிறந்தார், புறப்பட்ட ஆண்டு, ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள். கடைசியில் சொன்னதை எழுதாவிட்டால் நீங்கள் இலவசமாகப் பார்த்ததையே காசு வாங்கிக்கொண்டு திரும்பப் பார்ப்பார்கள். முன்பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: எந்தெந்தப் பங்கு ஏடு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது? கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா?

தாரகை
பாஸ்டன் திருமணப் பதிவு கிடைத்தது, அம்மா பெயரும் இருக்கிறது! பொருந்தும் குடும்பம் ஒன்றும் வந்தது. ஆனால் ஞானஸ்நானம் மே 2, அரசுப் பதிவில் பிறப்பு மே 20. அந்தப் பெற்றோருக்கு 1901 கணக்கெடுப்பில் 58 வயது, 1911-இல் 72. ஆள் வேறா?

ஏட்டுப்பூச்சி
அந்தத் தேதியை வைத்து ஆளைத் தள்ளாதீர்கள். பதிவு தாமதமானால் அபராதம். அதனால் பெற்றோர், பிள்ளை பிறந்த நாளைப் பிந்தியதாகச் சொல்வார்கள். ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள். வயது தாவியதற்கும் காரணம் உண்டு. 1908 சட்டப்படி 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரி முதல் ஓய்வூதியம் வந்தது, 1911-இல் பலருக்கு வயது கூடிவிட்டது. அவர்கள் ஓய்வூதியம் கேட்டிருந்தால், வயதை மெய்ப்பிக்க 1841, 1851 கணக்கெடுப்பில் தேடச் சொன்ன படிவம் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கக்கூடும். அந்தக் கணக்கெடுப்புகள் 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் (நீதிமன்ற வளாகம்) தீயில் பெரும்பாலும் எரிந்துவிட்டன, படிவங்கள் தப்பின.

ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அத்தை, மாமா வகையறா. பிறகு கிரிஃபித் மதிப்பீடு (1847–1864), அதாவது யார் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்ற வரி மதிப்பீட்டுப் பட்டியல். ஒரே டவுன்லேண்டில் (ஊரின் மிகச் சிறிய நிலப் பிரிவு) இரண்டு பேட்ரிக் வால்ஷ் இருந்தால், பிரித்துக் காட்ட அடைப்புக்குறிக்குள் அப்பாவின் பெயரைப் போட்டிருப்பார்கள்: 'வால்ஷ், பேட்ரிக் (மைக்கேல்)'. ஒரு தலைமுறை சும்மா கிடைக்கிறது. அதற்குப் பிந்தைய திருத்தப் புத்தகங்களில் பழைய பெயரை வண்ண மையால் அடித்து, வாரிசு பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். மையத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், டவுன்லேண்ட் கையில் இருக்கும் இந்தக் கட்டத்தில் கட்டுங்கள்.

கடவுச்சீட்டு
குடியுரிமைக் கேள்விக்கு: மையத்தின் அறிக்கையோ படியோ மட்டும் போதாது. தலைமைப் பதிவகத்தின் அரசுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், கொள்ளுத்தாத்தா என்பது ஒரு தலைமுறை அதிகம். உங்கள் கணவரின் அப்பாவோ அம்மாவோ, அவருக்கு இவர் தாத்தா என்பதால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் (வெளிநாட்டில் பிறந்தவர் ஐரிஷ் குடியுரிமை பெறப் பதியும் ஏடு) சேரலாம். ஆனால் உங்கள் கணவர் 1986-க்குப் பின் பிறந்தவர் என்றால், இவர் பிறக்கும் முன்பே அவர் சேர்ந்திருந்தால்தான் அது இவருக்கு வரும்; அதற்கு முன் பிறந்தவர் என்றால் 1986-க்குள் சேர்ந்திருக்க வேண்டும். இப்போது சேர்ந்தால் அவரோடு நின்றுவிடும்.