கார்டு ரீடர் கணினிக்குத் தெரிகிறது, எஸ்டி கார்டு மட்டும் தெரியவில்லை – உதவி வேண்டும்

தண்ணீர்மலை_கேமரா (பினாங்கு)

வணக்கம். டெஸ்க்டாப்பின் முன்பக்கத்தில் பொருத்திய 3.5 இன்ச் மல்டி கார்டு ரீடர். அதன் கேபிள் மதர்போர்டின் 9 பின் யுஎஸ்பி ஹெடருக்கு, அதாவது கேபிள் மாட்டும் பின் வரிசைக்குப் போகிறது. விண்டோஸ் 11. இதுவரை ஒழுங்காக ஓடியது. இப்போது எஸ்டி கார்டைச் செருகினால் ரீடரின் விளக்குகூட எரிவதில்லை. நான்கு ரிமூவபிள் டிஸ்க் எழுத்துகள் திரையில் இருக்கின்றன. எதைச் சொடுக்கினாலும் டிஸ்க்கைச் செருகச் சொல்கிறது.

கார்டு 64 ஜிபி. கேமராவில் போட்டால் எல்லாப் படங்களும் தெரிகின்றன. தைப்பூச ரத ஊர்வலப் படங்கள், வேறு பிரதி கிடையாது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியும் மாற்றமில்லை. ரீடரை மாற்றத்தான் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்_பேக்கப்

ரீடர் அப்புறம். முதலில் படங்களை வெளியே எடுங்கள். கேமராவே கார்டைப் படிக்கிறது என்றால் வேலை எளிது. பேட்டரியை முழுதாக ஏற்றி, கேமராவை யுஎஸ்பி கேபிளால் நேராகக் கணினியில் இணைத்து, அத்தனையையும் நகலெடுங்கள். கட் பண்ண வேண்டாம், காப்பி மட்டும். முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்த்து, வேறொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வையுங்கள்.

அதுவரை அந்தக் கார்டை இந்த ரீடரில் செருகவே வேண்டாம். தொடர்பு விட்டு விட்டு வரும் துளையில் கார்டு கிடக்கும்போது விண்டோஸ் அதில் எழுத முயன்றால், கோப்பு அட்டவணை பாதியில் நிற்கும். "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்ற பெட்டி வந்தால் கேன்சல் மட்டுமே.

கார்டின் பக்கவாட்டு லாக் விசையைக் கீழே தள்ளி வைப்பதும் நல்லது. ஆனால் அந்த விசைக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் நிலையைத் துளையில் உள்ள சுவிட்ச்தான் பார்த்துச் சொல்கிறது. ஆகவே அதை முழுப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். அதே காரணத்தால், லாக் விழுந்திருப்பதால் கார்டு தெரியாமல் போகாது. எழுதத்தான் விடாது.

ஜாலான்பசார்_சால்டர் (கோலாலம்பூர்)

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நான்கு எழுத்துகளும் திரையில் தெரிகின்றன என்றால் ரீடரின் சிப் உயிரோடு இருக்கிறது, யுஎஸ்பி கேபிள் வேலை செய்கிறது, 5 வோல்ட் வருகிறது. யுஎஸ்பி ரீடருக்கு விண்டோஸிலேயே உள்ள பொது ஸ்டோரேஜ் டிரைவர்தான் ஓடுகிறது. அதை எத்தனை தரம் நீக்கி ஏற்றினாலும் அதே டிரைவர்தான் திரும்பி வரும். "டிரைவர் அப்டேட்டர்" என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்களை இதற்காக ஏற்ற வேண்டாம், தயவுசெய்து.

இப்படிப்பட்ட பழுதில் நான் எப்போதும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். கணினிக்கு ரீடர் தெரிகிறதா? ரீடருக்குக் கார்டு தெரிகிறதா? கார்டில் உள்ள கோப்பு அமைப்பு விண்டோஸுக்குப் புரிகிறதா? முதல் கேள்விக்கு உங்களிடம் "ஆம்" இருக்கிறது. இரண்டாவதில் நிற்கிறீர்கள். கார்டு தெரிந்து, கோப்பு அமைப்பு மட்டும் கெட்டிருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் கருவியில் 59 ஜிபி சொச்சம் என்று கொள்ளளவாவது காட்டும். அங்கே "நோ மீடியா" என்று வந்தால் ரீடர் கார்டோடு பேசவே இல்லை என்று பொருள்.

இதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதே ரீடரில் மைக்ரோஎஸ்டி துளை இருந்தால் அதில் ஒரு கார்டைப் போடுங்கள். பிறகு அதே மைக்ரோ கார்டை அடாப்டரில் வைத்து எஸ்டி துளையில் போடுங்கள். கடைசியாக, கணினியை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை எஸ்டி துளைக்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே வரிசையாகச் சிறு தங்க நிறத் தகடுகள் தெரியும், மொத்தம் 9. எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா?

மைக்ரோ துளையும் வேலை செய்யவில்லை என்றால், கார்டுக்கு 3.3 வோல்ட் கொடுக்கும் பகுதி போயிருக்கலாம். அப்படியானால் சிப்பை மாற்றும் செலவுக்குப் புது ரீடரே வாங்கிவிடலாம்.

தண்ணீர்மலை_கேமரா

நன்றி. படங்களைக் கேமரா வழியாகவே எடுத்துவிட்டேன், இரண்டு பிரதி இருக்கிறது.

மைக்ரோ துளையில் 32 ஜிபி கார்டு உடனே திறந்தது. அதையே அடாப்டரில் வைத்து எஸ்டி துளையில் போட்டால் ஒன்றுமில்லை, டிஸ்க் மேனேஜ்மெண்டில் நோ மீடியாதான். டார்ச் அடித்தேன்: இரண்டு தகடுகளுக்கு நடுவே கறுப்பாக மெல்லிய துணுக்கு ஒன்று குறுக்கே கிடக்கிறது. தகடுகளின் நுனியில் பச்சை படிந்த மாதிரியும் இருக்கிறது. என்னிடமுள்ள பழைய 8 ஜிபி கார்டு ஒன்றில் தொடர்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று காணோம்.

ஜாலான்பசார்_சால்டர்

அதுதான். அந்த 8 ஜிபி கார்டின் தடுப்பு உடைந்து துளைக்குள் தங்கிவிட்டது. எஸ்டி கார்டு தேயத் தேய இந்தத் தடுப்புகள் முதலில் உடையும். தடுப்பில்லாத கார்டின் விளிம்பு தகடுகளில் மாட்டி அவற்றை வளைக்கவும் செய்யும். அந்தக் கார்டை இனி எந்தத் துளையிலும் போடாதீர்கள், கேமராவிலும்கூட.

துணுக்கு எங்கே கிடக்கிறது என்பதும் முக்கியம். கார்டின் வெட்டிய மூலையிலிருந்து எண்ணினால் மூன்றாவது தொடர்பு கட்டளைக்கானது. ரீடர் கேட்பதும் கார்டு பதில் சொல்வதும் அந்த ஒரே கம்பியில்தான். துணுக்கு அதைத் தொடவிடாமல் தடுத்தால் மற்ற எட்டும் சரியாக இருந்தும் கார்டு வாய் திறக்காது. விளக்கு எரியாததற்கு இது போதும். சில துளைகளில் கார்டு உள்ளே வந்ததைச் சொல்ல ஓரத்தில் தனியாக ஒரு சிறு நெம்பு சுவிட்சும் இருக்கும். அது அழுந்தி ஒட்டிக்கொண்டாலோ துருப்பிடித்தாலோ இதே அறிகுறிதான் வரும்.

எடுக்கும் முறை. கணினியை அணைத்து, பவர் சப்ளையின் பின் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்துங்கள். ரீடரைக் கூண்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு திருகுதான். கழற்றாமல் குனிந்து நோண்டினால் தகடு வளைவது நிச்சயம். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். வரவில்லையா, மரப் பல்குச்சியின் நுனியால் துணுக்கை வாசல் பக்கம் இழுங்கள். தகடுகள் நீளும் திசையிலேயே இழுக்க வேண்டும், குறுக்கே தள்ளக் கூடாது. ஊசி, பேப்பர் கிளிப், சிம் ஊசி எதுவும் வேண்டாம். காற்று ஸ்ப்ரே இருந்தால் டப்பாவை நேராகப் பிடித்துச் சிறு சிறு வீச்சாக அடியுங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் கொட்டும்.

அடுத்தது பச்சை. கடல் காற்றும் ஈரப்பதமும் உள்ள ஊரில் இது சகஜம். செம்பின் மேல் பூசிய தங்கம் மெல்லியது, தேய்ந்த இடத்தில் செம்பு களிம்பேறுகிறது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அதனால் உலர வெகுநேரம் எடுக்கும். வேலை செய்யாத, ஆனால் தடுப்புகள் முழுதாக இருக்கும் எஸ்டி கார்டு ஒன்றின் தொடர்புகளில் ஆல்கஹாலைத் தொட்டு ஈரமாக்கி, துளையில் பத்துத் தரம் செருகி எடுங்கள். ஒவ்வொரு முறையும் கார்டைத் துடைத்துவிட்டு மறுபடி நனையுங்கள். காலியான அடாப்டரும் உதவும். எண்ணெய் படியும் துரு ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அந்தப் பிசுக்கில் தூசி சேர்ந்து அடுத்த பழுதைக் கொண்டுவரும்.

அரைமணி நேரம் உலரவிட்டு, முதலில் வேலை செய்யும், ஆனால் போனாலும் கவலையில்லாத கார்டைப் போட்டுச் சோதியுங்கள். உங்கள் 64 ஜிபி கடைசியில்.

செந்தூல்_லேப்டாப்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தலைப்புதான். லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும் எஸ்டி துளை. ஸ்லீப் போய் வந்தால் கார்டு தெரிவதில்லை, டிவைஸ் மேனேஜரின் வன்பொருள் பட்டியலிலும் ரீடர் மறைந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் வருவதில்லை. துளை சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஜாலான்பசார்_சால்டர்

தலைப்பு ஒன்று, பழுது வேறு தம்பி. அவருக்கு இரண்டாவது கேள்வியில் நிற்கிறது, உங்களுக்கு முதல் கேள்வியிலேயே நிற்கிறது. ரீஸ்டார்ட்டில் வந்து ஷட்டவுனில் வராதது நல்ல தடயம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. கெர்னல் எனும் விண்டோஸின் மையப் பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து அதையே திரும்ப ஏற்றுகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனைச் சொடுக்கிப் பாருங்கள். அப்போது ரீடர் வந்தால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள்.

ஸ்லீப்புக்கு: ரீடர் தெரியும் நேரத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெமரி டெக்னாலஜி டிவைசஸ் அல்லது எஸ்டி ஹோஸ்ட் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் இருந்தால் பெரும்பாலும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு வழி வருவது. அதற்குப் பவர் பிளானின் விரிவான அமைப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ், லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மெண்ட், இதை ஆஃப் செய்யுங்கள். யுஎஸ்பி வழி வருவதானால் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தி, ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மெண்ட் தாவலில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். சில லேப்டாப்களில் விண்டோஸ் அந்த அமைப்புகளைக் காட்டாது. அப்போது பயாஸையும் (போர்டின் தொடக்க மென்பொருள்) டிரைவரையும் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்குப் போட்டிருக்கும் பதிப்புக்கு மாற்றுங்கள். உள் ரீடருக்கு டிரைவர் உண்மையிலேயே முக்கியம்.

ஒரு எச்சரிக்கை: துளை காலியாக இருக்கும்போது தானாகவே பட்டியலிலிருந்து மறையும் ரீடர்களும் உண்டு. கார்டு உள்ளே இருக்கும்போது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் பயாஸிலோ நிறுவனக் கொள்கையிலோ துளையை அடைத்திருக்கலாம், அதை ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த்_பெங்குவின்

விண்டோஸா ஹார்ட்வேரா என்ற சந்தேகம் தீர, உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் நேரடியாக ஓட்டிப் பாருங்கள். டெர்மினலில் கெர்னல் பதிவை ஓடவிட்டுக் கார்டைச் செருகினால், செந்தூல்காரரின் பிசிஐ ரீடர் போன்றவற்றில் பிழை எண் அப்படியே வரும். மைனஸ் 110 என்றால் கார்டிடமிருந்து பதிலே வரவில்லை. மைனஸ் 84 என்றால் பதில் வருகிறது, வழியில் சிதைகிறது; தொடர்பு அழுக்கு, தளர்ந்த தகடு, அல்லது அந்த வேகம் ஒத்துவரவில்லை. யுஎஸ்பி ரீடரில் இந்த எண்கள் வராது, ரீடரின் சிப் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

64 ஜிபி கார்டு கேமராவில் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மட் ஆகியிருக்கும். லினக்ஸ் கெர்னல் 5.7 முதல் அதற்கு நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பழைய பதிப்பில் சோதித்துவிட்டுக் கார்டு போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம்.

தண்ணீர்மலை_கேமரா

துணுக்கு வந்துவிட்டது. ஆல்கஹால் போட்டு உலரவிட்ட பிறகு விளக்கு எரிகிறது. அடாப்டரில் மைக்ரோ கார்டு கொள்ளளவைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் பெரிய வீடியோ கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்று, கார்டு மறைந்து திரும்ப வருகிறது. இதே கார்டு மைக்ரோ துளையில் முழுதாக நகலாகிறது.

ஜாலான்பசார்_சால்டர்

கட்டளைக் கம்பி சரியாகிவிட்டது. இப்போது தரவுக் கம்பிகளில் ஒன்று சரியாகத் தொடவில்லை. கொள்ளளவு விவரம் கட்டளைக் கம்பி வழியாகவே வரும், அதனால்தான் அது தெரிகிறது. கோப்பு நான்கு தரவுக் கம்பிகளில் பாய்கிறது. அவற்றில் ஒன்று விட்டு விட்டுத் தொட்டால் சரிபார்ப்பு தவறிப்போய், ரீடர் கார்டை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்.

ஆல்கஹால் கார்டால் இன்னொரு சுற்றுத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் கண்மட்டத்தில் வைத்துத் தகடுகளின் உயரத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் துண்டை அதன் நுனிக்கு அடியில் விட்டு மயிரிழை அளவு தூக்குங்கள். ஒரே தரம்தான். திரும்பத் திரும்ப வளைத்தால் வேரோடு ஒடியும். அடாப்டரையும் சந்தேகப்படுங்கள், அதன் உள் தகடுகளும் தளரும். வேறு அடாப்டரில் ஒரு முறை முயலுங்கள்.

தண்ணீர்மலை_கேமரா

ஓரத்திலிருந்த தகடுதான் தாழ்ந்திருந்தது. தூக்கிவிட்டேன். மைக்ரோ கார்டு, பிறகு 64 ஜிபி, இரண்டும் முழுதாக நகலாகின்றன. இதை நம்பித் தொடரலாமா?

ஜாலான்பசார்_சால்டர்

படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய தகடு பழைய விசையோடு அழுத்தாது. முக்கியமான வேலைக்கு யுஎஸ்பி 3 வெளி ரீடர் ஒன்று வாங்கி, நீட்டிப்பு வயரோ ஹப்போ இல்லாமல் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கொம்தாரிலோ பிராங்கின் மாலிலோ பாருங்கள். கோலாலம்பூர் வந்தால் லோயாட். வாங்கும் இடத்திலேயே உங்கள் கார்டைப் போட்டுப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

முன்பக்க ரீடரைத் திரும்ப மாட்டும்போது ஹெடரைக் கவனியுங்கள். 9 பின் ஹெடரில் பின் இல்லாத மூலை ஒன்று இருக்கும். அதற்கு நேர் எதிர் முனையில் உள்ள இரண்டு பின்களும் 5 வோல்ட். கேபிளின் சிவப்பு வயர் அந்த முனையில் வர வேண்டும். ஒற்றை வரிசை ஐந்து துளை பிளக் என்றால் எப்படித் திருப்பினாலும் ஏறும், திருப்பிப் போட்டால் 5 வோல்ட் தவறான வயரில் போய் ரீடர் கெட்டுவிடலாம். பழைய மதர்போர்டில் ஃபயர்வயர் (பழைய வீடியோ கேமரா இணைப்பு) ஹெடரும் இதே வடிவில் இருக்கும், அதில் 12 வோல்ட் வரும். போர்டில் பக்கத்தில் அச்சிட்ட எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பேக்கப்

இரண்டு பிரதியும் திறக்கின்றனவா என்று சில படங்களை முழு அளவில் பார்த்துவிட்டு, 64 ஜிபியைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். கார்டுகளையும் டிரை கேபினெட்டில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) 45 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். லென்ஸுக்கு மட்டுமல்ல, இந்தத் தொடர்புகளுக்கும் அது தேவை.