இடம்பெயர்த்து விடப்பட்ட கடல் நீர்நாய்கள்: அலாஸ்காவில் பெருகியவை ஆரிகனில் மறைந்தது ஏன்?

காரைக்குடி வாசகி:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கூடும் அறிவியல் வட்டத்தில், அடுத்த முறை கடல் நீர்நாய்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ரோமத்துக்காக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் வேட்டையாடப்பட்ட இந்த விலங்கு, 1911ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாதுகாப்புப் பெற்றபோது வட பசிபிக் முழுவதிலும் அதிகம் போனால் 2,000 அளவில்தான் எஞ்சியிருந்தது. பிறகு 1965 முதல் 1972 வரை, அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்திய, அலாஸ்காவின் ஆம்சிட்கா தீவிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் பல நூறு நீர்நாய்களைப் பிடித்துப் பழைய வாழிடங்களில் விட்டார்கள். தென்கிழக்கு அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்க மேற்குக் கரையின் வாஷிங்டன் மாநிலத்திலும் அவை நிலைத்தன. அதற்குத் தெற்கே ஆரிகன் மாநிலத்தில் விட்ட 93 நீர்நாய்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடியோடு இல்லாமற்போயின. இதற்குக் காரணம் என்ன? ஆண்டுக்கு 20 விழுக்காடு வரை பெருகக்கூடிய விலங்கு, அரை நூற்றாண்டு கடந்தும் கரை நெடுகப் பரவாமல் திட்டுத்திட்டாகவே நிற்பது ஏன்?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

நல்ல கேள்வி, அம்மா. எத்தனை விட்டார்கள் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்தால் விடை கிடைக்காது. நட்ட நாற்றில் வேர்பிடித்தது எத்தனை என்று பார்ப்பதுபோல, விட்ட இடத்திலேயே தங்கியவை எத்தனை என்று பார்க்க வேண்டும். கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போன்ற கொழுப்புப் படலம் கிடையாது. குளிர்கடலில் அதைக் காப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் அடர்ந்த ரோமமும், அதற்குள் சிறைப்படும் காற்றும்தான். பயணத்தின்போது கூண்டில் அந்த ரோமம் அழுக்கடைந்தால் தண்ணீர் தோலைத் தொட்டுவிடும். உடல் விறைத்து விலங்கு இறந்துவிடும். 1969இல் வாஷிங்டன் கரையில் 29 நீர்நாய்களை நேரே கடலில் இறக்கிவிட்டபோது, சில வாரங்களுக்குள் பாதிக்குக் குறையாமல் செத்து ஒதுங்கின. மறுஆண்டு, மிதவைக் கூண்டுகளில் சில நாள் வைத்து, அவை தம் ரோமத்தைத் தாமே கோதித் தூய்மை செய்துகொண்ட பிறகே விட்டார்கள்.

உயிர்பிழைத்தவையும் அங்கேயே இருந்துவிடுவதில்லை. கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவில் 1987 முதல் 1990 வரை ஏறத்தாழ 140 நீர்நாய்களை விட்டார்கள். அவற்றில் பல, ஆழ்கடலைக் கடந்து பிடிபட்ட கரைக்கே நீந்திச் சென்றன. தீவில் தங்கியவை பத்துப் பதினைந்துதான். ஆரிகனிலும் பல வெளியேறியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எஞ்சிய சிறு கூட்டம் இறப்பை ஈடுகட்டும் அளவுக்குக் குட்டி ஈனவில்லை. தென்கிழக்கு அலாஸ்காவிலோ 400க்கும் மேற்பட்டவற்றைப் பல இடங்களில் பிரித்து விட்டார்கள். அங்கே தீவும் குடாவுமாக ஒதுங்க இடம் ஏராளம். இன்று அங்கு 20,000க்கு மேல் இருக்கின்றன.

பரவலைப் பற்றி: ஒரு தாய் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே குட்டியைத்தான் வளர்க்கிறது, பிறந்த கரையைவிட்டு அதிகத் தொலைவு போவதில்லை. முதலில் முன்னேறுபவை ஆண் கூட்டங்கள். நாள்தோறும் தன் எடையில் கால் பங்கு உண்ண வேண்டிய விலங்காதலால், மார்பில் கல்லை வைத்துச் சிப்பியை உடைத்தே ஒரு குடாவை வெறுமையாக்கிவிட்டு அடுத்த குடாவுக்கு நகர்கின்றன. பெண்கள் பல ஆண்டுகள் கழித்தே பின்தொடர்கின்றன. கலிபோர்னியாவில், பரவலின் இரு விளிம்புகளிலும் வெள்ளைச் சுறாக்கள் கடித்தே பல சாகின்றன. சுறா அவற்றைத் தின்பதுகூட இல்லை.

காரைக்குடி வாசகி:

மிக்க நன்றி, ஐயா. விளிம்பு நகராவிட்டால், நடுவிலாவது புதிதாக விட முடியாதா?

தேவகோட்டை ஆசிரியர்:

முடியும். கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடா கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், தாயை இழந்த குட்டிகளை அங்கிருந்த பெண் நீர்நாய்களே வளர்ப்புத் தாயாக இருந்து வளர்த்தன. 2002 முதல் 2016 வரை அப்படி வளர்ந்த 37 குட்டிகளை எல்க்ஹார்ன் கழிமுகத்தை ஒட்டி விட்டார்கள்; அங்கு ஏற்பட்ட பெருக்கத்தில் பாதிக்கு மேல் அவற்றாலும் அவற்றின் வழித்தோன்றல்களாலும் வந்தது. நண்டுகளை அவை தின்றதால் கடற்புல் மீண்டது. உப்புச் சதுப்பின் கரையரிப்பும் தணிந்தது. என் ஆசிரியப் பணியில் சூழலியலுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்கு அமைந்ததில்லை.

தொண்டி, நண்டு வியாபாரி:

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நீர்நாய் பெருகிய தென்கிழக்கு அலாஸ்காவில், கடல் அட்டையும் நண்டும் எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. வான்கூவர் தீவுக் கரையைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 70 இலட்சம் கனடா டாலருக்கு மேல் இழப்பு, 5 கோடிக்கு மேல் ஆதாயம் என்று கணக்கிட்டது. ஆதாயத்தின் பெரும்பகுதி சுற்றுலாவில் வருவது. இழப்போ சிப்பியும் நண்டும் எடுப்பவர் தலையில் விழுவது. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்புடையதாக இல்லை. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்னும் கடற்பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தபோது, இங்கே கரையில் முதலில் எழுந்த கேள்வியும் வலை விரிக்கும் இடம் பற்றியதே. ஆரிகனிலும் வட கலிபோர்னியாவிலும் மறுபடியும் நீர்நாய்களை விடலாமா என்று அமெரிக்க அரசு 2022இல் ஆராய்ந்து, உயிரியல் அளவில் சாத்தியமே என்றது. அங்குள்ள நண்டுப் படகுக்காரர்களுடன் பேசி, எந்தக் குடாவில் விடுவது, இழப்பை யார் ஈடுசெய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்ட பிறகு விடுவதே முறை என்பது என் கருத்து. உங்கள் கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள், அம்மா.