கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மிடி: உங்கள் அனுபவம் என்ன?

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குப் பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. முன்பெல்லாம் கீபோர்டு ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்து, ஆல்ட்டோவைத் தனியாக, டெனரைத் தனியாக வாசித்து வாட்ஸாப்பில் அனுப்புவேன். ‘இந்தச் சுருதி எட்டவில்லை, கொஞ்சம் இறக்குங்கள்’ என்று யாராவது சொன்னால் நான்கையும் மறுபடி வாசிக்க வேண்டும். மிடியில் ரெக்கார்டு செய்ய ஆரம்பித்தபிறகு அந்தப் பாடு இல்லை. கேபிள் வழியே போவது ஒலி இல்லையே! எந்தக் கீயை எப்போது, எவ்வளவு அழுத்தி, எப்போது விட்டோம் என்ற தகவல்தான் போகிறது. அதனால் வாசித்து முடித்த பிறகும் சுருதியை இறக்கலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக டெம்போவைக் குறைக்கலாம், சுருதி மாறாது.

என்னிடம் இருப்பது 61 கீ உள்ள சாதாரண அரேஞ்சர் கீபோர்டு. பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி துளைகள். தட்டையானது பென்டிரைவுக்கு, சதுரமானது கம்ப்யூட்டருக்கு. கடையில் பிரின்டர் கேபிள் என்று கேட்டால் சரியானதைத் தருவார்கள்.

இணைத்ததும் வந்த முதல் தொந்தரவு, ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை கேட்டது. கீபோர்டின் சொந்த ஒலி ஒன்று, அது கம்ப்யூட்டரிலுள்ள ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குப் போய்த் திரும்பி வந்து எழுப்பும் ஒலி இன்னொன்று. ஃபங்ஷன் மெனுவில் ‘லோக்கல்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும். ரெக்கார்டிங் முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீபோர்டைத் தனியாக வாசிக்கும்போது சத்தமே வராது.

இன்னொன்றுக்குக் காரணம் பிடிபட நேரம் ஆனது. ஸ்டைலை, அதாவது கீபோர்டு தானாக வாசிக்கும் பின்னணியை, ஓடவிட்டு வாசித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் பியானோவின் அடிப்பகுதியில் சி, டி, எஃப் ஷார்ப் மூன்றும் மாறிமாறி இடிக்கின்றன. நான் அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் பியானோ ரோலைத் திறந்து பார்த்தபோது 36, 38, 42 என்ற எண்களில் வரிசையாகக் கட்டங்கள். பொது மிடி முறையில் டிரம்ஸுக்கு 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட். மிடி தகவல் போகும் தனித்தனி வழிகளைச் சேனல் என்பார்கள்; ஸ்டைலின் டிரம்ஸ் 10ஆம் சேனலில் வந்திருக்கிறது. ட்ராக்கின் உள்ளீடு ‘எல்லாச் சேனலும்’ என்று இருந்ததால் அத்தனையும் பியானோவாக ஒலித்திருக்கிறது. வாசிப்பு மட்டும் வேண்டுமென்றால் உள்ளீட்டை 1ஆம் சேனலுக்கு மாற்றினால் போதும். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. ரீப்பர், க்யூபேஸ் போன்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களில் சேனல்வாரியாகப் பிரிக்கிற வசதி இருக்கிறது. பிரித்தால் டிரம்ஸ், பேஸ், கார்ட்ஸ் எல்லாம் தனித்தனி ட்ராக்காகக் கிடைக்கும், நல்ல டிரம் ஒலியை மாட்டிக்கொள்ளலாம். கிறிஸ்மஸ் கீதங்களுக்கு நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

லேட்டன்சி, அதாவது ஒலி தாமதம் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். கீயை அழுத்தி ஒலி வர நேரமானால் பலரும் கேபிளைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பழைய ஐந்து முனை மிடி கேபிள்கூட நொடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட்தான். தாமதம் கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் ஆடியோ பஃபரில் இருக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) வேகத்தில் 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.9. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போடாவிட்டால் இதைவிடப் பல மடங்கு ஏறலாம். தாமதமாகக் கேட்டால் விரல் தானாக முந்தும், ரெக்கார்டான நோட்டெல்லாம் தாளத்துக்கு முன்னால் போய் விழும். வாசிக்கும்போது 128, மிக்சிங்கில் 512 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை மிதிக்கும்போது ஒலி வெட்டுப்பட்டு, விட்டால் நீள்கிறதா? கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, மிதிக்காமல் ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும் நேரத்தில்தான் பல கீபோர்டுகள் பெடல் எந்த வகை என்று பார்த்துக்கொள்கின்றன.

மயிலாப்பூரிலிருந்து:

நான் கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவள். எனக்கு மிடியில் முக்கியமானது ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். தோடியின் காந்தாரம் நின்று ஒலிக்கிற ஸ்வரம் இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் அசைகிறது. காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு அரை ஸ்வரம், மேலே இரண்டு அரை ஸ்வரம். பெரும்பாலான கீபோர்டுகளில் சக்கரத்தின் எல்லையும் அதே இரண்டுதான். கைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் ஒலி எழுப்புகிற பிளக்இன்னில் எல்லை 12 என்று இருந்தால், அதே அசைவில் காந்தாரம் ஆக்டேவ் முழுக்க ஓலமிடும். ரெக்கார்டு செய்வதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பெண்ட் ஒரு நோட்டுக்கு மட்டும் போவதில்லை, சேனல் முழுவதற்கும் போகும். இடது கையில் ஸ-ப பிடித்துக்கொண்டு வலது கையால் கமகம் கொடுத்தால் சுருதியே சேர்ந்து ஆடும். சுருதியைத் தனி ட்ராக்கில் வைத்துவிடுங்கள்.

நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு நேராக்கும் குவான்டைஸ் விஷயத்தில் நான் கண்டிப்பு. பல சாஃப்ட்வேர்களில் குவான்டைஸ் செய்தால் நோட்டு மட்டும் கட்டத்துக்கு நகரும், பெண்ட் கோடு பழைய இடத்திலேயே நிற்கும். ஸ்வரம் ஓர் இடம், கமகம் ஓர் இடம். மிஸ்ர சாபுக்கு 7/8 என்று போட்டு மெட்ரோனோமோடு வாசித்தாலும், ஏழு எண்ணிக்கையும் கடிகாரம்போல் விழ வேண்டும் என்று யார் சொன்னது? தள்ளிப்போன ஓரிரு நோட்டைக் கையால், அதன் பெண்டையும் சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள். முழு ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் நேராக்குகிற பழக்கம் நல்ல வாசிப்பைக் கெடுத்துவிடுகிறது. மூல ரெக்கார்டிங்கை ஒரு பிரதி எடுத்து மியூட் செய்து வைப்பது என் வழக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா சொல்வது உண்மை. நான் சேர்ப்பது ஒன்றுதான். நல்ல மெட்டு பெரும்பாலும் றெக்கோர்ட் பட்டன் அழுத்தாத நேரத்தில்தான் கையில் வரும். ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேரில் 10ஆம் பதிப்பிலிருந்து ‘கேப்சர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ட்ராக் ஆயத்தமாக இருந்தால், அழுத்தாமலே வாசித்ததையும் பிறகு எடுத்துத் தரும். புதுப் புரொஜெக்டில் வெறுமனே வாசித்தால் டெம்போவைக்கூட அதுவே கணித்துப் போடும். லொஜிக்கிலும் க்யூபேஸிலும் வேறு பெயரில் இதே வசதி உண்டு. எஃப்எல் ஸ்டூடியோவில் டூல்ஸ் மெனுவில் ‘ஸ்கோர் லொக்’ என்று தேடிப் பாருங்கள். ஒலியைப் பதிவதென்றால் இடம் பிடிக்கும். மிடி சில எண்கள்தானே, கொம்பியூட்டர் நினைவில் வைத்திருப்பதற்குப் பாரமே இல்லை. கண்டுபிடித்ததும் ஒரு குறுக்கு விசையில் போட்டு வையுங்கள்.